ரயிலடி கேள்வி – பதில்: கார்டு தாத்தாவின் டிரங்குப் பெட்டி

(மதுரைக் கோட்டத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர்களின் ரயில் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் தாத்தா மதுரை – போடிநாயக்கனூர் (போடி) லைனில் ரயில் கார்டாக, அதாவது கடைசிப் பெட்டியில் இருந்து வண்டியைக் கவனிப்பவராக, வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினோம். நோட்டுகள், அட்டை டிக்கெட்டுகள், கைவிளக்கு, பழைய போட்டோக்கள், மூடிய ஒரு தகர டப்பா. பழைய பேப்பர்காரரிடம் போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம், ஐயா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: முதலில் அந்தத் தகர டப்பாவை அசைக்காதீர்கள் அம்மா. கார்டுகளுக்கு டெட்டனேட்டர் என்ற வெடி கொடுக்கப்பட்டிருக்கும். தட்டை வட்டமாக, மடக்கிக் கட்டுவதற்கு இரண்டு பக்கமும் பட்டையோடு இருக்கும். வண்டி நடுவழியில் நின்றுபோனால் தண்டவாளத்தின் மேல் கட்டுவார்கள். சக்கரம் ஏறியதும் வெடித்து, வருகிற டிரைவரை எச்சரிக்கும். டப்பாவில் இருப்பது அதுவாக இருக்கலாம். பழசாகிப் போன வெடியை நம்பவே கூடாது. திறக்க வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம், ரயிலடிக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நோட்டுகள். என் கணக்கில் அந்தப் பெட்டியின் பெரிய சொத்து அதுதான். எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிஷம் நின்றது, ஏன் தாமதம் என்று கார்டு அன்றன்றைக்கு எழுதுவார். ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் மழையில் வண்டி நின்றதா, மாடு குறுக்கே வந்ததா என்பதெல்லாம் அச்சான புத்தகத்தில் கிடைக்காது. எழுத்து ஊதாவாகத் தெரிந்தால் அது காப்பியிங் பென்சிலாக, அதாவது ஈரம் பட்டால் மையாகக் கரையும் பென்சிலாக, இருக்கலாம். ஈரத்துணி பட்டால் பக்கம் முழுக்க ஊறிவிடும். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள். குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பிகளை நிதானமாகக் கழற்றுங்கள். துரு காகிதத்தைத் தின்றுவிடும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். செய்துவிட்டால் பிரிக்க வழியில்லை.

போட்டோவின் பின்பக்கம் ஓரத்தில், மெத்தென்ற பென்சிலால் அழுத்தாமல் ஊர், வருஷம், நிற்பவர்கள் பெயர் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரைக்கும் தடம் விழும். உங்கள் பாட்டி இருக்கிறார்களா? இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெயர் தெரியாத படங்களை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். கேட்க ஆள் இருந்தபோது யாரும் கேட்கவில்லை. அந்த வேதனை உங்களுக்கு வர வேண்டாம்.

பிறகு ஸ்கேன். 600 டிபிஐ போதும். செல்போன்தான் இருக்கிறது என்றால் ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாமல், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு பிரதியை ஊருக்குக் கொடுங்கள். திருச்சியில் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, உங்கள் ஊர் நூலகம் இருக்கிறது, விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் களஞ்சியத்தில் நீங்களே கூட ஏற்றலாம். பி.எஃப். எண், மருத்துவச் சீட்டு போன்றவற்றை மட்டும் வெளியே விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் போடி ரயில் பற்றிக் கண்காட்சி வைக்கிறோம். எதில் தொடங்கலாம்?
– ஆசிரியர், ஆண்டிபட்டி

பதில்: சுண்ணாம்பில் தொடங்குங்கள் சார். மைதானத்தில் 1,000 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். அது போடி லைனின் பழைய மீட்டர் கேஜ். பக்கத்தில் 1,676 மில்லிமீட்டரில் இரண்டு கோடு. அது இன்றைய அகலப்பாதை. பிள்ளைகளை மாறி மாறி நடுவில் நிற்கச் சொல்லுங்கள். எவ்வளவு சின்னப் பாதையில் அத்தனை பஞ்சும் ஏலக்காயும் சனமும் மதுரைக்கு வந்தன என்பது அவர்களுக்கே புரியும்.

அடுத்தது காலக்கோடு. 1928-ல் பாதை திறந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் திரும்பவும் போட்டார்கள். 2010 முடிந்ததோடு மீட்டர் கேஜ் வண்டி நின்றது. தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூன் மாதமும் அகலப்பாதையில் ரயில் வந்தது. ஆக, இந்தப் பாதை இரண்டு தடவை ரயிலைப் பார்க்காமல் கிடந்திருக்கிறது. முதல் தடவையைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றைக்குத் தொண்ணூறைத் தொட்டிருப்பார்கள். ஆண்டிபட்டியில் அப்படி ஒருவர் இருந்தால் அவரைத் திறப்பாளராக அழைத்து, பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தாத்தா கேங்மேனாக, அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கும் தொழிலாளியாக இருந்தவர். பேட்டி எடுக்க ஆசை. ஆனால் “என்னத்தச் சொல்ல” என்கிறார்.
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: “உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்டிருப்பாய் தம்பி. அதற்கு யாரும் அப்படித்தான் சொல்வார்கள். கையிலிருந்து கேள். காலையில் கிளம்பும்போது தோளில் என்ன இருக்கும்? சுத்தியல் எந்த எடை? சித்திரை வெயிலில் தண்டவாளம் நீண்டால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ராத்திரி மழையில் ரோந்து போகும்போது எந்தப் பாலத்தில் பயம்? ஒவ்வொரு வளைவுக்கும் பாலத்துக்கும் கேங்காரர்கள் தங்களுக்குள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ரயில்வே வரைபடத்தில் அதெல்லாம் வெறும் கிலோமீட்டர் எண். அந்தப் பெயர்களை எல்லாம் எழுதி வாங்கிவிடு.

முடிந்தால் அவரோடு பாதையோரம் போ. தண்டவாளத்தில் ஏற வேண்டாம், லெவல் கிராசிங் பக்கத்தில் நின்றால் போதும். இடத்தைப் பார்த்தால் வாய் தானாகத் திறக்கும். வீட்டில் என்றால் ஃபேனை நிறுத்து, போனை ஏரோப்ளேன் மோடில் போடு. அனுமதி கேட்டு, பெயர், ஊர், தேதி சொல்லித் தொடங்கு. அவர் பேசும்போது குறுக்கே திருத்தாதே. வருஷம் முன்பின் ஆகலாம், அதைப் பிறகு சரிபார்க்கலாம். பாட்டியையும் தவறாமல் கேள். குவார்ட்டர்ஸில் எந்த வண்டிச் சத்தத்துக்கு உலை வைத்தார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: இரும்புக் கடையில் பழைய ரயில்வே விளக்கு விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: ஏலத்தில் எடுத்த ரசீது கடைக்காரரிடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள். ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பது 1966-ம் வருஷச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: பாம்பனில் புதுப் பாலம் வந்துவிட்டது. பழைய பாலத்தைப் பற்றி இனி சேகரிக்க என்ன இருக்கிறது?
– வாசகர், மானாமதுரை

பதில்: மனிதர்கள் இருக்கிறார்கள். 1914-ல் திறந்த அந்தப் பாலத்தின் நடுவில் இருந்த தூக்கு (கப்பலுக்கு வழிவிட மேலே எழும் பகுதி), ஷெர்சர் வகை, இரண்டு பாதியாகப் பிரிந்து எழும். கப்பல் வரும்போது ஆட்கள் கம்பியைப் பிடித்துக் கையால் சுற்றித்தான் அந்த இரண்டு பாதிகளையும் தூக்குவார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு மோட்டாரில் நேராக மேலே ஏறுகிறது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு பாலத்தை 46 நாளில் சீர்செய்த ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரனின் பெயர் எல்லாருக்கும் தெரியும். உப்புக்காற்றில் வருஷக்கணக்கில் அந்தத் தூக்கைச் சுற்றியவர்கள், கர்டருக்குப் பெயின்ட் அடித்தவர்கள் பெயர் எங்கே இருக்கிறது? மண்டபத்திலும் பாம்பனிலும் அவர்கள் குடும்பங்கள் இருக்கும். மானாமதுரையிலிருந்து ராமேஸ்வரம் பாசஞ்சர் ஏறினால் மண்டபத்தில் இறங்கிவிடலாம். போகும்போது நல்ல பேட்டரியோடு போங்கள்.