கடனில் தத்தளிக்கும் உள்ளூர் கால்பந்து கிளப்பை ரசிகர்களால் காப்பாற்ற முடியுமா?

முடியும். ஆனால் வசூல் பண்ணிக் கொடுப்பதோடு நிறுத்தினால் முடியாது. கணக்கு நோட்டும் ஓட்டுரிமையும் ரசிகர்கள் கைக்கு வர வேண்டும். வட சென்னையில், லீக்கில் கீழ் டிவிஷனில் ஆடும் ஒரு கிளப்போடு பல வருடமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் பெரிய கிளப்புகளைப் பார்ப்போம். 2025 ஆகஸ்டில் ‘சென்னையின் எஃப்சி’ என்ற கிளப் தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. அது ஆடும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) போட்டியை நடத்துவதற்கு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010இல் போட்ட 15 வருட ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. புதுப்பிப்பு இழுத்துக்கொண்டே போனது. 2015, 2017-18 என்று இரண்டு முறை கோப்பை வாங்கிய அணி அது. நேரு ஸ்டேடியத்தில் தொண்டை கிழியக் கத்திய அத்தனை பேரும் தவித்துப் போனோம். ஆனால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருந்தாலும் அந்தப் பணம் போய்ச் சேர வழி இல்லை, ஏனென்றால் கிளப் ஒரு தனியார் கம்பெனி. ரசிகனுக்கு அதில் பங்கும் இல்லை, ஓட்டும் இல்லை. சென்னை சிட்டி எஃப்சி என்ற இன்னொரு கிளப் 2018-19இல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் சாம்பியன். இன்றைக்கு அந்தப் பெயரைத் தேசிய லீக்குகளில் தேடினாலும் கிடைக்காது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ரசிகர்கள் உண்மையிலேயே காப்பாற்றிய இடங்களில் எல்லாம் உரிமை கைமாறியிருக்கிறது. இங்கிலாந்தில் எக்ஸிடர் சிட்டி 2003இல் ரசிகர் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. 2005 எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்கள் மைதானத்திலேயே 0-0 என்று நிறுத்தினார்கள். ஆட்டம் சமனானதால் மறு ஆட்டமும் நடந்தது, அந்த டிக்கெட் வசூல் கடனை அடைக்கப் பெரிய அளவில் உதவியது. போர்ட்ஸ்மவுத் ரசிகர்கள் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு போட்டுப் பங்கு வாங்கி 2013இல் கிளப்பை மீட்டார்கள். 2017இல் அதை விற்கும்போதும் பங்குதாரர்களான ரசிகர்கள்தான் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். எங்கள் கிளப்பின் செலவு முழுக்க ஒரே ஒரு பெரியவர் தோளில் இருந்தது. அவர் உடம்புக்கு முடியாமல் ஒதுங்கியதும் பெரியமேட்டு ஸ்போர்ட்ஸ் கடை பாக்கி, வேன் வாடகை, ஜெர்சி தைத்த கூலி எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. முதல் வேலையாக யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒரு சார்ட் பேப்பரில் எழுதி, மைதானத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடைச் சுவரில் ஒட்டினோம். அப்புறம்தான் வசூல். பழைய ஆட்டக்காரர்களில் பலர் ரயில்வேயில், ஐசிஎஃப்பில், சிலர் துபாயில். இந்த கிளப்பில் ஆடி ஆடித்தான் வேலைக்கு வந்தோம் என்ற நன்றி அவர்களுக்கு உண்டு; மாதா மாதம் அனுப்புகிறார்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமெண்ட் வைத்தால் மொத்தமாகக் காசு வரும், ஆனால் அது ஒரு தடவைதான். கிளப்பைத் தாங்கிப் பிடித்திருப்பது மாதம் நூறு ரூபாய் சந்தாதான்.

மைதான வாசலில் இட்லிக் கடை போடும் அக்காவும் சந்தா கட்டுகிறார். முதல் மாதமே, "ரசீது குடுப்பா" என்று வாங்கி மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "பந்துக்கு இவ்ளோவா? எந்தக் கடைல வாங்குனீங்க?" என்று கேட்டார். பொருளாளர் பில்லை எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. எங்கள் கிளப்பில் நடந்ததிலேயே நல்ல விஷயம் என்று அதைத்தான் சொல்வேன்.

உங்கள் கிளப்பும் இந்த நிலையில் இருந்தால் அதை ஒரு சங்கமாகப் பதிவு செய்யுங்கள். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். சந்தா கட்டுகிறவர் எல்லாரையும் உறுப்பினராக்குங்கள். வருடா வருடம் பொதுக்குழுவில் கணக்கு வையுங்கள். கிளப் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், தனி ஆள் ஜிபே நம்பருக்குப் பணம் போகவே கூடாது. ஜெர்சியில் பெயர் போடக் கேட்டு ஒரு கடைக்காரரிடம் போகும்போது அந்தக் கணக்கைக் காட்டினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

நிர்வாகம் கடன் பட்டியலைக் காட்ட மறுத்தால் ஒரு ரூபாய்கூட வசூலிக்காதீர்கள். அந்த நிலையில் பையன்களைச் சேர்த்துக்கொண்டு புதுப் பெயரில் கடைசி டிவிஷனிலிருந்து ஆரம்பிப்பதே மேல். 2002இல் தங்கள் கிளப்பை வேறு ஊருக்குக் கொண்டுபோக அதன் முதலாளிகளுக்கு அனுமதி கிடைத்ததும் இங்கிலாந்தின் விம்பிள்டன் ரசிகர்கள் அதைத்தான் செய்தார்கள். பொது மைதானத்தில் ஆள் தேர்வு வைத்து ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கினார்கள். 2011இல் தொழில்முறை லீக்குக்கு ஏறினார்கள், 2020இல் தங்கள் பழைய பேட்டையான ப்ளவ் லேனில் புது ஸ்டேடியம் கட்டித் திரும்பி வந்தார்கள். கிளப் இன்றும் ரசிகர்கள் கையில்தான் இருக்கிறது.