நிறைகுடம் கைமாறுவது போல…

கேள்வி: பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். கூடைப்பந்தில், பந்தைத் தட்டிக்கொண்டு சென்று தோழியின் கையிலேயே சேர்க்கும் ‘ஹேண்ட்-ஆஃப்’ முறையை எட்டாம் வகுப்பு மாணவியருக்குக் கற்பிக்கிறேன். பந்து நழுவுகிறது, இல்லையேல் நடுவர் ஃபவுல் கொடுத்துவிடுகிறார். எங்கே தவறு?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இவ்விரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே. கொடுப்பவள் நிற்காமல், ஓடும்போதே பந்தை நீட்டுகிறாள். குழாயடியில் நிறைகுடம் கைமாறுவதை உங்கள் மாணவியர் பார்த்திருப்பார்கள். கொடுப்பவள் காலூன்றி நின்று, ஒரு கையை அடியிலும் மறு கையை விளிம்பிலும் வைத்திருக்க, வாங்குபவள்தான் நெருங்கி வந்து அணைத்து எடுத்துக்கொள்கிறாள். அதையே செய்து காட்டச் சொல்லிவிட்டு, பிறகு பந்தைக் கையில் கொடுங்கள்.

கொடுப்பவள் இரு கால்களையும் ஒரே நேரத்தில் தரையில் பதித்து, முழங்கால்களை மடக்கி, கூடைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பந்து இடுப்பருகே, ஒரு கை கீழும் ஒரு கை மேலுமாக இருக்கட்டும். தோழியின் கை பட்டதும் மேல்கையை மட்டும் விலக்கினால் போதும். இரு கைகளாலும் பந்தைப் பிடித்துவிட்டால் மீண்டும் தட்ட முடியாது என்பதால், தோழி இரண்டு எட்டுத் தொலைவுக்கு வரும்வரை தட்டுவதை நிறுத்த வேண்டாம். வாங்குபவள், இடையே தடுப்பாளர் நுழைய இடமில்லாதபடி, தன் தோள் கொடுப்பவளின் இடுப்பை உரசுமளவுக்கு ஒட்டிக் கடக்க வேண்டும். அந்த நொடியில் கொடுப்பவள் இடுப்பையோ முழங்காலையோ பக்கவாட்டில் நீட்டித் தடுப்பாளரை இடித்தால் அது ஃபவுல்தான். உங்கள் நடுவர் பெரும்பாலும் இதைத்தான் கண்டிருப்பார். ஐந்து ஃபவுல் ஆனால் அந்தப் பெண் வெளியேற வேண்டியிருக்கும் என்பதால், இந்தப் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே திருத்திவிடுங்கள்.

முதலில் தடுப்பாளர் இல்லாமல் நடந்தபடியும், பின்னர் ஓடியும், இடம் வலம் இரு பக்கமும் பழக்குங்கள். சிமெண்ட் தளமானால் புழுதியைப் பெருக்கிவிட்டுத் தொடங்குங்கள். இரு கால் ஊன்றும் இடத்தில் புழுதி இருந்தால் கணுக்கால் பிசகிவிடும். ஆடவருக்குரிய 7-ஆம் எண் பந்தைத் தருகிறீர்களானால், மகளிருக்குரிய 6-ஆம் எண் பந்துக்கு மாறுங்கள். சிறிய கைகளில் அது நன்றாக அடங்கும்.

இவை கைவந்தபின் தடுப்பாளரைக் கவனிக்கப் பழக்கலாம். அவள் கொடுப்பவளின் முதுகுப் பக்கமாகச் சுற்றிப் போனால், பந்தை வாங்கியவள் அங்கேயே நின்று கூடைக்கு எறியலாம். பின்னாலேயே துரத்தி வந்தால் நேராகக் கூடையை நோக்கி ஓடலாம். பந்தைப் பறிக்க முன்கூட்டியே வழிமறித்தால், வாங்க வந்தவள் சட்டென்று திரும்பிக் கூடைப் பக்கம் ஓட, அவளுக்குத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பாஸ் கொடுக்கலாம்.