புது அணி, புது பிளேபுக்: வேக ரிசீவர் ஒட்டுவாரா?

என்.எஃப்.எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) பார்க்கிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், ஓடிப்போய் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் டைரீக் ஹில் பற்றியவை. 2022 மார்ச்சில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அவரை மயாமி டால்ஃபின்ஸுக்குக் கொடுத்து ஐந்து டிராஃப்ட் பிக்குகளை (புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகளை) வாங்கிக்கொண்டது. அதிலிருந்தே தொடங்குவோம்.

அண்ணா, சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் (பந்தை எறிகிறவர்) மஹோம்ஸ் எறிந்ததால்தான் ஹில் பெரிய ஆள் ஆனார் என்றார்கள். மயாமியில் எறிந்த டுவாவுக்கு அந்தக் கைவலு கிடையாது. பிறகு எப்படி?

எண்களைப் பாருங்கள். சீஃப்ஸில் கடைசி வருடம், 2021-ல், 111 கேட்ச், 1,239 யார்டு. கேட்சுக்குச் சராசரி 11 யார்டுதான். எதிரணிகள் இரண்டு சேஃப்டிகளை (கடைசி வரிசைத் தடுப்பாளர்களை) ஆழத்தில் நிறுத்தி, 'மேலே போகாதே, கீழே பிடித்துக்கொள்' என்று விட்டுவிட்டன. மயாமியில் 2022-ல் 119 கேட்ச், 1,710 யார்டு. சராசரி 14-க்கு மேல். அடுத்த வருடம் 1,799 யார்டோடு லீகிலேயே முதலிடம்.

மயாமியின் அப்போதைய பயிற்சியாளர் மைக் மெக்டேனியல் அவரை வெறுமனே நேராக ஓடவிடவில்லை. நடு வரிசைத் தடுப்பாளர்களான லைன்பேக்கர்களுக்குப் பின்னால், சேஃப்டிகளுக்கு முன்னால் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். ஹில்லைப் பார்த்துப் பயந்து சேஃப்டிகள் பின்வாங்கினால் அது இன்னும் அகலமாகும். அங்கே சரியான நேரத்தில் பந்து வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். டுவாவின் பலமே அதுதான்: ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை விட்டுவிடுவார். அறுபது யார்டு எறியும் கை இதற்குத் தேவையில்லை. பக்கத்தில் ஜேலன் வாடில் என்று இன்னொரு மின்னல் ரிசீவர் வேறு இருந்தார், அதையும் மறக்கக் கூடாது.

சார், நான் ஆட்டத்துக்குப் புதுசு. ஹில் பந்து கிளம்பும் முன்பே ஓடுகிறாரே, அது தப்பில்லையா?

தப்பில்லை. ஸ்னாப் ஆகும் (பந்து குவார்ட்டர்பேக் கைக்குக் கிளம்பும்) நேரத்தில் பந்து வைத்திருக்கும் அணியில் ஒரே ஒரு ஆட்டக்காரர் நகரலாம். பக்கவாட்டிலோ பின்னாலோ போகலாம், எதிரணிப் பக்கம் முன்னே வரக் கூடாது. ஹில் வெளிப்பக்கமாக நாலடி பாய்வார், அதே கணத்தில் ஸ்னாப். நீளம் தாண்டுகிறவர் நின்ற இடத்திலிருந்தா தாண்டுகிறார்? அந்த மாதிரிதான். ரிசீவரைக் காக்க எதிரில் நிற்கும் கார்னர்பேக் அவர் மேல் கை வைத்துத் தடுப்பதும் கஷ்டம். மயாமி 2023-ல் இதைக் கொண்டுவந்தது, பல அணிகள் உடனே நகலெடுத்தன.

அப்படியானால் வேகம் இருந்தால் எங்கேயும் பிழைத்துக்கொள்ளலாம், இல்லையா?

இல்லை. அதே மயாமி 2013-ல் மைக் வாலஸ் என்ற வேக ரிசீவரை ஐந்து வருடத்துக்கு 6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் எடுத்தது. பிட்ஸ்பர்கில் 2010-ல் கேட்சுக்கு 21 யார்டு எடுத்த ஆள். மயாமியில் முதல் வருடம் 930 யார்டு, சராசரி 13-ஐக்கூடத் தொடவில்லை. அவர் ஆழத்தில் பாதுகாப்பைத் தாண்டி ஓடுவார், அப்போதைய குவார்ட்டர்பேக் டேனஹில்லின் பந்து முன்னாலோ பின்னாலோ விழும். வேகம் குறையவில்லை, இருவருக்கும் நேரம் சேரவில்லை. பழியை வாலஸ் மேல் மட்டும் போட்டது எனக்கு இன்றும் நியாயமாகத் தெரியவில்லை.

பிளேபுக்கை (அணியின் ஆட்டத் திட்டங்களை) படிப்பது அவ்வளவு கஷ்டமா?

அணியைப் பொறுத்தது. நியூ இங்கிலாந்து அணியில் குவார்ட்டர்பேக் பிரேடி காலத்தில் பல ரூட்கள் (ரிசீவர் ஓடும் பாதைகள்) ஓடும்போதே முடிவாகும். சேஃப்டி இப்படி நின்றால் உள்ளே வெட்டு, அப்படி நின்றால் நில். குவார்ட்டர்பேக்கும் அதே நொடியில் அதையே படிக்க வேண்டும். ரிசீவர் சாட் ஓச்சோசிங்கோ 2011-ல் அங்கே போய் 15 கேட்சோடு நின்றுவிட்டார். ஆனால் இன்னொரு ரிசீவர் ரேண்டி மாஸ் 30 வயதில், 2007-ல் அதே இடத்துக்குப் போய் 23 டச் டவுன் பிடித்தார். முந்தின வருடம் ஓக்லாந்தில் அவருக்கு மூன்றுதான்! மாஸின் மூளை வேகம் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

2024-ல் ஹில் 959 யார்டுக்கு விழுந்தாரே, வயசா அண்ணா?

முப்பது வயது, கொஞ்சம் இருக்கலாம். மணிக்கட்டுக் காயமும் இருந்தது. ஆனால் முக்கியமான விஷயம், டுவா தலைக்காயத்தால் பல வாரம் ஆடவில்லை. நேரத்தை நம்பிக் கட்டிய தாக்குதல் ஆட்டத்தில் எறிகிறவர் மாறினால் ரிசீவர்தான் முதலில் அடிபடுவார்.

அப்போ அவரை விட்ட சீஃப்ஸுக்கு நஷ்டமா?

எங்கே நஷ்டம்! 2022, 2023 இரண்டு சீசனிலும் லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் அவர்களுக்குத்தான். மயாமி கொடுத்த முதல் சுற்றுப் பிக்கையும் சேர்த்துக் கொடுத்து மேலே நகர்ந்து, 21-வது இடத்தில் கார்னர்பேக் டிரென்ட் மெக்டஃபியை எடுத்தார்கள். மயாமிக்கு அந்த இரண்டு வருடத்திலும் ஒரு பிளேஆஃப் (நாக் அவுட் சுற்று) வெற்றிகூட இல்லை. ஆனால் அந்தக் கணக்கை ஹில் தலையில் கட்டாதீர்கள்.