ரேவதியும் ஒரு வெறுங்கம்பியும்

வணக்கம் ஐயா,

இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு ஆண்டுகளாகக் கிட்டார் வாசிக்கிறேன். மைனர் பென்டாடொனிக் என்ற ஐந்து சுர ஸ்கேல் (சுர வரிசை) கைக்கு நன்றாகப் பழகிவிட்டது. அண்மையில் ஒரு காணொளியைப் பார்த்து ‘இன்சென்’ என்ற ஜப்பானிய ஐந்து சுர ஸ்கேலைப் பழகத் தொடங்கினேன். ஈ, எஃப், ஏ, பி, டி என்பவை அதன் சுரங்கள். தனியே வாசித்தால் பாதி நேரம் பழைய ஸ்கேல் போலவே ஆகிவிடுகிறது. பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) நண்பன் டி மைனர் கோட் (சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடித்துத் துணைக்கு வாசித்தால், கேட்பவர்கள் “என்னடா, சினிமா சோகப் பாட்டா?” என்கிறார்கள். சுரங்களைச் சரியாகத்தான் வாசிக்கிறேன். தவறு எங்கே?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

உங்கள் வாசிப்பைக் கேட்பவர்களின் காது நல்ல காது. நீங்கள் இன்சென் என்று பழகிக்கொண்டிருப்பதன் சுர வரிசை, நம் கருநாடக இசையில் இரண்டாவது மேளமான (தாய் ராகமான) ரத்னாங்கியின் ஜன்யமாகச் (அதிலிருந்து பிறந்ததாகச்) சொல்லப்படும் ரேவதி ராகத்தின் சுர வரிசையேதான்; இந்துஸ்தானியில் அதற்குப் பைராகி என்று பெயர். ஈ-யை ஸட்ஜமாக (ஆதார சுரமான ‘ஸ’-வாக) வைத்தால் எஃப் சுத்த ரிஷபம், ஏ சுத்த மத்யமம், பி பஞ்சமம், டி கைசிகி நிஷாதம். காந்தாரமும் தைவதமும் இல்லை. காந்தாரம் இல்லாததால்தான் இதை மேஜர் என்றோ மைனர் என்றோ சொல்ல முடியாமல் போகிறது. மேல்நாட்டு முறையில் கோட்ஸ் போட்டே பழகிய கைக்கு இது முதலில் வெறுமையாகத் தோன்றுவதும் அதனால்தான்.

முதல் குழப்பம் எளியது. உங்கள் கைக்குப் பழகிய மைனர் பென்டாடொனிக் ஈ, ஜி, ஏ, பி, டி. நம் கணக்கில் சுத்த தன்யாசி. இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு சுரம், ஜி-க்குப் பதிலாக எஃப். நான்கு ஆண்டுகள் ஜி-க்குப் போய்ப் பழகிய விரல் இப்போதும் அங்கேதான் போகும். அதைவிடப் பெரிய உட்பகை கிட்டாரிலேயே இருக்கிறது. ஆறு கம்பிகளையும் விரல் வைக்காமல் மீட்டிப் பாருங்கள்: ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஐந்து கம்பிகள் ரேவதிக்குச் சொந்தம். மூன்றாவது கம்பி மட்டும் ஜி என்று ஒலித்து, நீங்கள் அறியாமலேயே சுத்த தன்யாசியை உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. பிக் (கம்பியை மீட்டும் வில்லை) தவறி அந்த வெறுங்கம்பியில் ஒருமுறை பட்டாலும் போதும்.

இரண்டாவது குழப்பம்தான் சுவையானது. உங்கள் நண்பர் பிடிக்கும் டி மைனர் கோட்டில் இருப்பவை டி, எஃப், ஏ. மூன்றும் உங்கள் ஐந்து சுரங்களுக்குள்ளேயே இருப்பதால் எதுவும் அபசுரமாகக் கேட்காது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்தக் கோட் தொடர்ந்து ஒலிக்க ஒலிக்க, கேட்பவர் மனத்தில் ஆதார சுருதி ஈ-யிலிருந்து டி-க்கு நகர்ந்துவிடுகிறது. டி-யை ஸட்ஜமாக வைத்து உங்கள் சுரங்களை எண்ணுங்கள்: டி, ஈ, எஃப், ஏ, பி, அதாவது ஸ ரி க ப த, சிவரஞ்சனி. தமிழ்ச் சினிமா அழவேண்டிய இடங்களில் எத்தனையோ முறை நாடிய ராகம் அது. ஸட்ஜத்தை வேறு சுரத்துக்கு மாற்றி இன்னொரு ராகத்தைக் காட்டுவதே கிரகபேதம்; வித்துவான்கள் தெரிந்தே செய்யும் அதை நீங்கள் இருவரும் தெரியாமல் செய்துவிட்டீர்கள்.

ஆகவே சுரங்களில் தவறில்லை; ஈ-யைக் காதில் நிறுத்தி வைக்கவில்லை, அவ்வளவே. நான் பிறந்த தோட்டத்தில் கொழுந்து வாட்டும் மின்விசிறிகள் இரவெல்லாம் ஒரே சுருதியில் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். தம்புராவைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, லயத்துத் திண்ணையில் போர்வைக்குள் இருந்துகொண்டு அந்த ரீங்காரத்தோடு சேர்த்துப் பாடித்தான் ஸட்ஜம் என்றால் என்னவென்று எனக்குப் பிடிபட்டது. உங்களுக்குக் கைத்தொலைபேசியில் தம்புரா செயலி போதும். அதை ஈ-யில் வைத்துவிட்டுத்தான் கிட்டாரைத் தொட வேண்டும்.

நண்பர் விலக வேண்டியதில்லை. ஈ மைனர் பிடித்துவிட்டு, மூன்றாம் கம்பியில் இரண்டாவது பிரெட்டிலும் (கழுத்துப் பலகையின் குறுக்குக் கட்டையிலும்) ஒரு விரலை வைக்கச் சொல்லுங்கள். ஜி மறைந்து ஏ வரும். ஆறு கம்பிகளிலும் ஈ, ஏ, பி மட்டுமே ஒலிக்கும். இந்த ஒரு பிடியை வைத்துக்கொண்டே அவர் அரை மணி நேரம் வாசிக்கலாம்.

நீங்கள் கட்டம் கட்டமாக ஸ்கேலை மனப்பாடம் செய்வதைச் சில வாரங்களுக்கு நிறுத்திவிட்டு, வீணை வாசிப்பவரைப் போல ஒரே கம்பியில் ஏறி இறங்குங்கள். முதல் கம்பியில் வெறுங்கம்பி, பிறகு 1, 5, 7, 10, 12 ஆகிய பிரெட்டுகள். ரிஷபத்திலிருந்து மத்யமத்துக்கு நான்கு பிரெட் தூரம் கை தாவும்போதுதான் காந்தாரம் இல்லாத அந்த இடைவெளி உடம்புக்குத் தெரியும். கட்டத்துக்குள் வாசித்தால் அது விரல் மாற்றமாக மட்டுமே கடந்துபோகும். முதல் பிரெட்டில் கம்பி விறைப்பாக இருப்பதால் ரிஷபத்தை இழுத்து அசைக்க வராது. அதற்கு இரண்டாம் கம்பிக்கு வந்து, 5-ஆவது பிரெட்டை ஸட்ஜமாகக் கொண்டு, 6-இல் ரிஷபத்தை அழுத்தி, விரலை எடுக்காமல் 5-க்கு வழுக்கி இறக்குங்கள். நிஷாதத்தில் இப்போதைக்கு நீண்ட நேரம் நிற்காதீர்கள். நின்றால் சிவரஞ்சனி மறுபடி எட்டிப் பார்க்கும்.

மூன்றாம் கம்பியின் தொல்லை பொறுக்க முடியாவிட்டால் அதை ஜி-யிலிருந்து மூன்று அரைச்சுரம் தளர்த்தி ஈ-க்கு இறக்கலாம். கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும். ஆனாலும் கையடியிலேயே ஒரு ஸட்ஜக் கம்பி கிடைத்துவிடும். ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் புறப்படும் முன் மறக்காமல் அதை ஜி-க்கு ஏற்றிவிடுங்கள்.

அன்புடன்.