‘காப்பேன்’ என்கிறார். எதை?

கேள்வி: 2024 சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் பேசிய வேட்பாளர் ஒருவர், ஒவ்வொருவரின் தனிமனித சுதந்திரத்தையும் உரிமைகளையும் காப்பதே தன் முதல் வேலை என்றார். அரசியல் தீர்வு கேட்டு நிற்கிற தமிழருக்கு இந்தப் பேச்சால் என்ன பயன்?
– வாசகர் ஒருவர், கொக்குவில்

பதில்: பயன் இருக்கிறது. தீர்வு வரும்வரை தனி ஆளின் உரிமை பொறுத்திருக்கட்டும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். பயங்கரவாதத் தடைச்சட்டம் 1979இல் தற்காலிக ஏற்பாடாக வந்து, 1982இல் நிரந்தரமானது. இனத்தைப் பார்த்துப் பிடித்தாலும், இரவில் படலையைத் தட்டி ஏற்றிக்கொண்டு போனது ஒவ்வொரு ஆளைத்தான். 2022 திருத்தம்கூடத் தடுப்புக்காவலை 18 மாதத்திலிருந்து 12 மாதமாக்கியதே தவிர, சட்டத்தை எடுக்கவில்லை. சாதாரண வழக்கில் பொலிசுக்குச் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. இந்தச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குச் சொன்னால், 2022 திருத்தத்துக்குப் பிறகும் அது சான்று.

வேட்பாளரிடம் எனக்கும் கேள்வி உண்டு. காப்பேன் என்றால் இருப்பதைத்தானே காக்கலாம்? 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் உயிர்வாழும் உரிமை என்று ஒரு வரி இல்லை. உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போட வேண்டும். பருத்தித்துறையில் கைதான பொடியனின் தாய்க்கு, பிள்ளையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடவும் ஒரு சட்டத்தரணியைப் பிடிக்கவுமே அந்த மாதம் போய்விடும்.

இதைவிட என்னை உறுத்துவது 16ஆம் உறுப்புரை. அந்த அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டம் எதுவும், அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது அது. அதன் நிழலில் நிற்கிற பழைய சட்டம் ஒன்று நம் வளவுக்குள்ளேயே இருக்கிறது.

போன மாதம் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் விறாந்தையில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண். மடியில் பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதி. சீதனமாக வந்த இரண்டு பரப்புக் காணி. மகளின் படிப்புக்காக விற்க வந்திருந்தார். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட, மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்பதற்கும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆணுக்கு இந்தத் தடை இல்லை. அவருடைய கணவரோ 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். மாவட்ட நீதிமன்றத்தில் கட்டளை எடுங்கள், இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் எடுங்கள் என்றார் நொத்தாரிசு. “அவர் செத்துப்போனார் எண்டு நான் எப்பிடி ஒப்பம் வைக்கிறது?” என்றவர், உறுதியைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார்.

கணவனைக் கொண்டுபோனது ஒரு அநியாயம். காணியை விற்கவிடாதது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி நம் கட்சிகளும் வாய் திறப்பதில்லை. தேசவழமை நம் அடையாளம், தொடாதே என்கிறார்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லட்டும்.

அடுத்த முறை வாக்குக் கேட்டு அந்த வேட்பாளரின் ஆட்கள் துண்டுப்பிரசுரத்தோடு கொக்குவிலுக்கும் வருவார்கள். பயங்கரவாதத் தடைச்சட்டத்தை எடுப்பாரா, 16ஆம் உறுப்புரையை நீக்குவாரா என்று கேளுங்கள். சொல்கிற பதிலை எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் அப்படியே போடுகிறேன்.