எம்.ஆர்.பி.யைத் தாண்டி விற்ற ஹாட் வீல்ஸ் கார்: குற்றமா, வெறும் லாபமா?

கேள்வி: ஐயா, நான் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களைச் சேகரிப்பவன். இரண்டு ஆண்டுகளாக விற்கவும் செய்கிறேன். ஒரு பொம்மைக் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், புதுச் சரக்கு வந்ததும் அதிலுள்ள சூப்பர் ட்ரெஷர் ஹன்ட் போன்ற அரிய கார்களை அலமாரியில் அடுக்கும் முன்பே எனக்கு எடுத்து வைத்துவிடுவார். கடைக்கு முழு விலையையும், அவருக்குத் தனியாக ஒரு தொகையையும் கொடுத்துவிடுவேன். இருநூறு ரூபாய்க்கும் குறைவாக விலை அச்சிட்ட அப்படியொரு காரை அண்மையில் பெங்களூருவைச் சேர்ந்த ஒருவருக்கு 5,000 ரூபாய்க்கு அனுப்பினேன். விருப்பப்பட்டு வாங்கியவர், எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றது குற்றம், புகார் செய்வேன் என்று இப்போது மிரட்டுகிறார். குழந்தைகளின் பொம்மையைப் பதுக்கிச் சம்பாதிப்பது பாவம் என்கிறார் என் மனைவி. நான் செய்தது தவறா?

பதில்: உங்கள் மனைவி சொல்லும் பதுக்கல் என்ற குற்றச்சாட்டை முதலில் ஒதுக்கிவிடலாம். 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் மருந்து, உணவுப் பொருள், உரம், பெட்ரோலியம் போன்றவற்றுக்கானது. பொம்மைகள் அதன் பட்டியலில் இல்லை. நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய பொருளை மறுவிற்பனை செய்வதிலும் பொதுவாகத் தடையில்லை. முறைப்படி சந்தைக்கு வந்த பொருளை வாங்கியவர் மீண்டும் விற்பதை, அதன் நிலை மாற்றப்படாத வரையில், வணிகக்குறிகள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. சாதாரணக் காருக்கு ரப்பர் டயர் மாட்டி சூப்பர் ட்ரெஷர் ஹன்ட் என்று விற்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, அது மோசடி.

உங்களுக்கு உண்மையான சிக்கல் அச்சிட்ட விலையில்தான் இருக்கிறது. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011-இன் 18(2)-ஆம் விதி, பொட்டலத்தில் அடைத்த பொருளை அதில் குறித்த சில்லறை விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று சில்லறை வணிகரை மட்டுமல்லாமல் 'பிற நபர்' ஒருவரையும் சேர்த்தே தடுக்கிறது. வாங்கியவர் மனமுவந்து கொடுத்தார் என்பது இதற்குப் பதிலாகாது, ஏனெனில் இந்தத் தடை விற்பவர் மீதானது. கார் அரியது என்பதும் விதிக்குத் தெரியாது. சாதாரணக் காரின் அட்டையிலும், பளபளக்கும் ஸ்பெக்ட்ராஃபிளேம் வண்ணமும் ரப்பர் டயரும் கொண்ட சூப்பரின் அட்டையிலும் உற்பத்தியாளர் அச்சிடுவது ஒரே விலையைத்தான்.

உங்கள் தரப்பில் வாதமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில்லறை விலை என்பது இறுதி நுகர்வோருக்குப் போய்ச் சேரும் விற்பனைக்கான உச்சவரம்பு. முதல் விற்பனையோடு அந்தச் சங்கிலி முடிந்துவிட்டது, அதன் பிறகு ஒரு சேகரிப்பாளர் தம் அலமாரியிலிருந்து இன்னொருவருக்குக் கொடுப்பது தனிப்பட்ட விற்பனை என்று வாதிட இடமுண்டு. ட்ரெஷர் ஹன்ட் வரிசை தொடங்கிய 1995-இல் வாங்கி வைத்திருந்த காரை இன்று விற்கும் ஒருவருக்கு இந்த வாதத்தை நானே தயக்கமின்றி எடுத்துரைப்பேன். ஆனால் நீங்கள் விற்பதற்காகவே வாங்கி, இரண்டு ஆண்டுகளாக அதையே செய்கிறீர்கள். என் கருத்தில் நீங்கள் இப்போது சேகரிப்பாளர் அல்ல, வணிகர். அட்டையிலிருந்து பிரித்த காரைப் பொறுத்தவரை பொட்டலப் பொருள் என்ற பேச்சே பலவீனப்படும். சேகரிப்பாளர்கள் பிரிக்காத அட்டைக்குத்தான் அதிக விலை தருகிறார்கள், சட்டமும் அந்த அட்டையைத்தான் பிடிக்கிறது. இதைப் படித்துவிட்டு அட்டையிலுள்ள விலையைச் சுரண்டவோ ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கவோ முயலாதீர்கள். அதற்கும் அதே விதியில் தனியாகத் தடை இருக்கிறது.

புகார் வந்தால் என்ன நடக்கும்? தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. கர்நாடகத்தில் அங்குள்ள எடையளவுத் துறை. இவ்வகைக் குற்றங்கள் பெரும்பாலும் வழக்குக்குப் போகாமல் துறையிடமே இணக்கக் கட்டணம் செலுத்தி முடித்துக்கொள்ளக் கூடியவை, ஆகவே சிறையை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். காரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் வங்கி வழியாகத் திருப்பித் தருவதாக எழுத்து மூலம் தெரிவியுங்கள். குற்றம் அதனால் இல்லாமல் போகாது, ஆனால் புகாருக்கான காரணம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். அவரும் மறுவிற்பனைக்காக வாங்கியவராக இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7)-ஆம் பிரிவுப்படி அவர் நுகர்வோரே அல்ல. நுகர்வோர் ஆணையத்தில் அவர் வழக்கு நிற்காது. நீங்கள் வாங்கும் கடைக்கு எதிராக உங்களுக்கும் இதே நிலைதான்.

பெங்களூருவுக்குக் கூரியர் அனுப்பியதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வணிகமாக வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்பவர், ஆண்டு விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஜி.எஸ்.டி. பதிவு பெற வேண்டும். லாபத்தை வருமான வரிக் கணக்கில் தொழில் வருமானமாகக் காட்டவும் வேண்டும்.

இனி நியாயத்துக்கு வருகிறேன். ஊர் ஊராகப் பழைய கடைகளில் தேடி, மற்றவர் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அடையாளம் கண்டு லாபத்துக்கு விற்பவரிடம் எனக்குக் குறை இல்லை; அது உழைப்புக்கும் அறிவுக்குமான விலை. கடைத் தம்பிக்குப் பணம் கொடுத்து எடுப்பதில் அந்த அறிவும் இல்லை, தேடலும் இல்லை. அலமாரிக்கு வராத காரை எந்தக் குழந்தையாலும் கண்டுபிடிக்க முடியாது. முதலாளிக்கு முழு விலை போய்விடுவதால் இதைக் களவு என்று சொல்ல முடியாது, ஆனால் முதலாளிக்குத் தெரியாமல் ஊழியர் பெறும் இந்தத் தொகை அவருடைய பணிக் கடமைக்கு எதிரானது; தெரிய வந்தால் முதலில் வேலையை இழப்பவர் அவர்தான். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு காரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாலும், இப்படிப்பட்ட ஏற்பாட்டை நிறைவேற்றித் தரும்படி நீங்கள் நீதிமன்றத்தை நாட முடியாது. பொதுநலனுக்கு எதிரான நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்னும் ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். அரிய கார்கள் உங்களுக்கு வேண்டுமென்றால், கடை முதலாளியிடமே நேரில் கேளுங்கள். தர மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு.