அமெரிக்காவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகும்போது எத்தனை தோட்டாக்கள் கொண்டுபோகலாம்?

எண்ணிக்கையைவிட எடைதான் முதல் தடை. ஐயாட்டா (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) விதிப்படி ஒருவருக்கு 5 கிலோ. அட்டைப்பெட்டியின் எடையும் இதில் சேரும். வேட்டைத் துப்பாக்கிகளில் பரவலாகப் பயன்படும் .30-06 வகைத் தோட்டா ஒன்று சுமார் 26 கிராம் என்பதால் நூறு எடுத்தாலும் 3 கிலோவுக்குள் அடங்கிவிடும். மான் வேட்டைக்கு அதுவே தாராளம்.

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்: கணவன், மனைவி இருவரின் பங்கையும் ஒரே பெட்டியில் போட்டு 10 கிலோ என்று கணக்குக் காட்ட முடியாது. அவரவர் பங்கு அவரவர் பெட்டியில்.

கைப்பையில் கூடவே கூடாது. செக்-இன் சாமான் மட்டுமே. தோட்டாக்கள் உதிரியாகக் கிடக்காமல், ஒவ்வொன்றும் தனிக்குழியில் நிற்கும் பெட்டியில் இருக்கட்டும். துப்பாக்கிப் பெட்டியிலேயே வைக்க அமெரிக்க விதி இடம் தந்தாலும், தனியாகப் பூட்டிய பெட்டி கேட்கும் விமானங்கள் உண்டு. இணைப்பு விமானம் வேறு நிறுவனமென்றால் அதனிடமும் முன்அனுமதி வாங்குங்கள். வெடிக்கும், தீப்பற்றவைக்கும் குண்டுகளுக்கு அனுமதியே இல்லை.

தென்னாப்பிரிக்காவில் இறங்கியதும் போலீசாரிடம் எஸ்.ஏ.பி.எஸ். 520 படிவம் (துப்பாக்கியைத் தற்காலிகமாகக் கொண்டுவர அனுமதி கேட்பது) கொடுக்க வேண்டும். அங்கே ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரம்பு, அதுவும் அந்தத் துப்பாக்கியின் குழல் அளவுக்குரியவை மட்டும்.